முதுகைத் திருப்பிப் பார்த்த அம்மா

போன செவ்வாய்க்கிழமை நான் மறுபடியும் அத்தையாகிவிட்டேன்! மூன்று கிலோ நூறு கிராம். மலேசியாவில் எங்கள் ஊர் கோலசிலாங்கூரே கேட்கும்படி அழுகிறாள் என் மருமகள்.

தாதி பிள்ளையை நீட்டினால் முதலில் எதைப் பார்ப்பீர்கள்? முகத்தைத்தானே? என் அம்மா துணியை விலக்கி முதுகைத் திருப்பிப் பார்த்தார்.

“மூடியிருக்கு… நல்லா மூடியிருக்குலா!”

காரணம் இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன் அண்ணிக்குப் பிறந்த மூத்தவனுக்கு முதுகுத்தண்டு மூடவில்லை. பதினோரு நாள்தான் இருந்தான்.

எண்ணெய்க்காகச் செம்பனை வளர்க்கும் எங்கள் தோட்டத்தில், மூன்று மாதம் முடியும்வரை கர்ப்பத்தை வெளியே சொல்ல மாட்டார்கள். கண் பட்டுவிடுமாம். அண்ணி மூத்தவனைச் சுமந்தபோது கிளினிக் தாதிக்கே சொல்லவில்லை – அவர் பக்கத்து லயத்து வீட்டுக்காரர், சொன்னால் ஊருக்கே தெரிந்துவிடுமே! குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்கப் போனவள், ஹாஸ்டலில் உட்கார்ந்து ஃபார்மசி படித்துக்கொண்டிருந்தவள் நான்… எனக்கே நான்காம் மாதம்தான் தெரியும்.

முதுகுத்தண்டோ முதல் மாதத்திலேயே மூடிக்கொள்கிறது. பல பெண்களுக்குக் கர்ப்பம் என்றே தெரியாத நேரம் அது. அது மூட உதவும் ஃபோலிக் ஆசிட் என்ற விட்டமின் அதற்கு முன்பே உடம்பில் இருக்க வேண்டும். அந்த மாத்திரையைப் போட்டிருந்தால் அவன் பிழைத்திருப்பான் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால், நாங்கள் போடவில்லை.

அண்ணி மறுபடியும் பிள்ளைக்கு ஆசைப்பட்டபோது, முதலில் டாக்டரிடம் அழைத்துப் போனேன். மூத்தவனின் கதையைக் கேட்டு, டாக்டர் அண்ணிக்கென்று கூடுதல் அளவில் மாத்திரை எழுதிக் கொடுத்தார். வீட்டில் அம்மா வெடித்தார்.

“வயித்துல ஒன்னுமே இல்ல, அதுக்குள்ள மாத்திரையா? படிச்சவ பேச்ச கேட்டா இப்படித்தான்!”

“அம்மா, செம்பனைக் கன்னு நடுறப்ப உரம் எப்ப போடுவீங்க?”

“குழியில. கன்னு வைக்கிறதுக்கு முன்னாடி.”

“ஏன், வச்சப்புறம் போடலாமே?”

“பைத்தியக்காரி! வேர் விட்டதும் அதுக்குச் சாப்பாடு வேணாமா?”

சொல்லிவிட்டு, மேசையில் இருந்த மாத்திரை அட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். மறுநாள் காலை, அண்ணியிடம் மாத்திரையையும் தண்ணீரையும் நீட்டியது யார் என்று நினைக்கிறீர்கள்?

சில மாதங்களில் அண்ணிக்கு நாள் தள்ளியது. அந்த வாரமே அம்மா அவரை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கிளினிக்குக்குப் போனார்.

“என்னக்கா, மூணு மாசம் ஆகலையே?” என்று தாதி சிரித்தாராம்.

“கண்ணு பட்டா சுத்திப் போட்டுக்கலாம் மிஸ்ஸி. நீங்க இவ பேர எழுதுங்க!”

நான் வாங்கிய பட்டம் சுவரில் தொங்குகிறது. அதைவிட எனக்குப் பெருமை தருவது அந்த ஒரு வாக்கியம்தான்.

நேற்று, புதிதாகக் கல்யாணமான பக்கத்து வீட்டு ஷீலா பிள்ளையைப் பார்க்க வந்தாள். உட்காரக்கூட விடவில்லை அம்மா.

“நீ ஃபோலிக் மாத்திரை போடுறியா?”

“ஐயோ அத்தை, நாங்க இன்னும் ஹனிமூனே போகலலா!”

“அந்த ஹனிமூன் பேக்குலயே மாத்திரைய எடுத்து வச்சிக்க!”