நான் கேட்டு வாங்கிய ஐம்பது

மெல்பர்னில் நான் ஏறும் பேருந்து எனக்காகத் தாழ்ந்து கொடுக்கிறது. நிறுத்தத்தில் கைத்தடியோடு ஒரு கிழவன் நிற்பதைக் கண்டால் ஓட்டுநர் எதையோ அழுத்துவார்; வண்டி புஸ்ஸென்று மூச்சுவிட்டு, நடைபாதை உயரத்துக்கு இறங்கிவிடும். சக்கர நாற்காலி வந்தால் ஓட்டுநரே எழுந்து வந்து பலகையை விரித்துப் போடுவார். உள்ளே இருப்பவர்களில் ஒருவர்கூடக் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. போன மாதம் பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமி அப்படி ஏறினாள். எல்லோரும் ஒதுங்கி இடம் விட்டார்கள். என் கண் கலங்கியதைப் பார்த்துவிட்டுப் பக்கத்து இருக்கை அம்மாள், "லவ்லி, இல்லையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டுப் புன்னகைத்தார். "எஸ்" என்றேன். அவர் நெகிழ்ச்சி என்று நினைத்தார். எனக்கு வந்திருந்தது ஆத்திரம். அந்தக் குழந்தைக்காகப் பேருந்தை மண்டியிட வைக்கும் இதே நாடு, குன்னூரில் இருக்கும் என் பேத்தி யாழினியைக் கால் சரியில்லை என்பதற்காக உள்ளே விடமாட்டேன் என்று எழுதிவிட்டது. அவளை மட்டுமல்ல, அவளைப் பெற்றவர்களையும்.

நான் குன்னூரில் முப்பது ஆண்டுகள் ஆங்கில ஆசிரியனாக இருந்து, தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன். மனைவி போன பிறகு, எட்டு ஆண்டுகளுக்கு முன் மகனோடு இருக்க இங்கே வந்தேன். மகள் கோகிலா அங்கேயே ஒரு மருத்துவமனையில் நர்ஸ். மருமகன் சரவணன் தேயிலை ஃபேக்டரியில் எலக்ட்ரீஷியன். அவர்களுடைய ஒரே மகள் யாழினிக்கு ஏழு வயது. குறைமாதத்தில் பிறந்தவள். இடது கையும் இடது காலும் சொன்ன பேச்சைச் சற்றுத் தாமதமாகத்தான் கேட்கும். அவர்கள் வீடு ரோட்டுக்குக் கீழே, சரிவில் இருக்கிறது. நாற்பத்திரண்டு படிகள். ஓரத்துக் குழாயைப் பிடித்துக்கொண்டு, இடது காலை நுனிவிரலில் ஊன்றி, வழி நெடுக யாரையாவது வம்புக்கு இழுத்தபடி அவள் ஏறிவிடுவாள். வாய்க்கு ஒரு குறையும் இல்லை.

ஊரிலிருந்து இங்கே வர நினைப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கோகிலா விண்ணப்பித்த வகை விசாவில் குடும்பத்தில் எல்லோருக்கும் மருத்துவப் பரிசோதனை உண்டு. ஒருவர் தவறினால் அத்தனை பேரும் தவறியதாகக் கணக்கு. குழந்தை படுத்த படுக்கையா, பள்ளிக்கு ஓடுகிறதா என்பதல்ல கேள்வி. வரும் ஆண்டுகளில் அரசுக்கு அதனால் எவ்வளவு செலவாகலாம் என்று ஒரு மருத்துவ அதிகாரி மதிப்பிடுவார். வரம்பைத் தாண்டினால் முடிந்தது. வேறு சில விசாக்களில் விலக்குக் கேட்கலாம். இதில் அதற்கும் வழியில்லை. கோகிலாவின் படிப்பு தேறியது, அனுபவம் தேறியது, ஆங்கிலம் தேறியது. இங்குள்ள முதியோர் இல்லங்களில் நர்ஸ் இல்லை என்று தினமும் செய்தியில் புலம்புகிறார்கள். எங்கள் கிழவர்களைக் குளிப்பாட்ட உன் கை வேண்டும், உன் குழந்தையின் கை வேண்டாம். இதைத்தான் மரியாதையான சொற்களில் எழுதியிருந்தார்கள். அறுபத்தாறு வயதில் சர்க்கரையும் ரத்தக்கொதிப்புமாக வந்த நான் இதே பரிசோதனையில் தேறியவன்.

ஆனால் இந்த ஆத்திரத்தை முழுக்க இந்த நாட்டின் மேல் கொட்ட எனக்கு யோக்கியதை இல்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஊருக்குப் போயிருந்தபோது, மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்காக யாழினியை ஊட்டியில் நடந்த முகாமுக்கு அழைத்துப் போனது நான்தான். கோகிலாவுக்கு அன்று லீவு கிடைக்கவில்லை. கை, கால் பயிற்சிக்காக வாராவாரம் குழந்தையோடு கோவைக்குப் பேருந்தில் போய்வர வேண்டியிருந்தது. குறைபாடு நாற்பது விழுக்காடு இருந்தால்தான் பஸ் பாஸ், மற்ற சலுகைகள். பார்த்த டாக்டர் என் பழைய மாணவர். குழந்தையை நடக்கவிட்டார், கையைப் பிடிக்கச் சொன்னார், முப்பத்தைந்து என்றார். நான் அவர் காதருகே குனிந்தேன்.

"கொஞ்சம் பாத்துப் போடப்பா."

"ஏனுங்க சார், நீங்க கேட்டு நான் இல்லீன்னு சொல்லுவனுங்களா? நாப்பதுன்னா நாளைக்கு எவனாச்சும் கொறைப்பானுங்க. அம்பதே போட்டர்றேன்."

நான் நன்றி சொன்னேன். காப்பியடித்த பையனை வகுப்புக்கு வெளியே நிறுத்தியவன் நான். அன்று எதையோ சாதித்துவிட்ட மிதப்பில் மலையிறங்கினேன். நம் ஊரில் இதெல்லாம் பொய்யில் சேர்த்தியில்லை. வயதைக் குறைப்போம், வருமானத்தைக் குறைப்போம், குறையைக் கூட்டுவோம். அரசாங்கத்தின் கதவு அவ்வளவு தாழ்வாக இருக்கிறது. குனிந்தால்தான் நுழைய முடியும் என்று நமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொள்வோம். கோகிலாவிடம் நான் தாளைக் கொடுத்தேன். அது வந்த கதையைச் சொல்லவில்லை.

விசாவுக்காகச் சென்னையில் பரிசோதனை நடந்தபோது, பழைய மருத்துவத் தாள்கள் இருந்தால் கொடுக்கச் சொன்னார்கள். சான்றிதழைக் கொடுக்க வேண்டாம் என்றான் சரவணன். "நடக்கறதப் பாத்தா அவிங்களுக்கே தெரியாதா? அந்தத் தாளு எதுக்கு?" கோகிலா ஒப்பவில்லை. "மறைச்சா அது பொய்யி. எங்கப்பா எங்கள அப்பிடி வளக்கலீங்க" என்றாளாம். அன்று மாலையே போனில் இதை எனக்குப் பெருமையாகச் சொன்னாள். "செரிம்மா" என்றேன். அந்த ஒரு சொல்லோடு நான் நிறுத்திக்கொண்டதற்குக் கோழைத்தனம் தவிர வேறு பெயரில்லை.

மறுப்புக் கடிதம் ஐம்பது விழுக்காட்டை எடுத்துக்காட்டித்தான் தொடங்கியது. ஒரு கடுஞ்சொல் இல்லாத ஆங்கிலம். நான் ஆயுள் முழுக்கப் பிள்ளைகளுக்குக் கற்பித்த அதே ஆங்கிலம். மகன் என்னை ஒரு விசா ஆலோசகரிடம் கூட்டிப்போனான். அந்த ஐம்பது வந்த கதையை அங்கேதான் முதன்முதலாக வாய் திறந்து சொன்னேன். மகன் தலையைக் குனிந்துகொண்டான். ஆலோசகர் பேனாவை மூடி வைத்தார். சான்றிதழ் தவறு என்று சொன்னால் போலித்தாள் கொடுத்த குற்றம் வரும், பல ஆண்டுகளுக்கு விண்ணப்பிக்கவே முடியாமல் போகலாம். சரி என்று சொன்னால் குழந்தை சுமை. அந்தத் தாள் இல்லாமலேயே இதே முடிவு வந்திருக்கவும் கூடும் என்றார். எனக்கு ஆறுதலாகச் சொன்னார் என்று நினைக்கிறேன். அந்தக் 'கூடும்' இன்றுவரை என்னைத் தூங்கவிடவில்லை.

அதைவிடப் பெரிய கேடு குன்னூரில் நடந்துகொண்டிருந்தது. "உங்கப்பாரு வளத்த நேர்மை நம்மள எங்க கொண்டாந்து உட்டிருக்குது பாத்தியா" என்று சரவணன் ஒருநாள் சொல்லிவிட, இருவருக்கும் பேச்சு நின்றுபோயிருந்தது. கோகிலாவோ கடிதத்தை நம்பத் தொடங்கியிருந்தாள். சாதாரணத் தாயா, நர்ஸ் அவள். இரண்டு பெரிய அரசாங்கங்கள் ஐம்பது என்றபின், தன் கண்தான் இத்தனை நாளாகப் பாசத்தில் ஏமாந்திருக்கிறது என்று முடிவுகட்டிவிட்டாள். யாழினியைப் படியேற விடுவதில்லை. ஏழு வயதுப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு நாற்பத்திரண்டு படிகளும் ஏறுகிறாள் என்று கேட்டதும் டிக்கெட் எடுத்தேன்.

போன தை மாதம், அந்தச் சமையலறையில், அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருக்கும்போது சொன்னேன். முப்பத்தைந்து என்றுதான் டாக்டர் சொன்னார், ஐம்பது நான் கேட்டு வாங்கியது. கத்தி நின்றது.

"நீங்களாப்பா?"

"நான்தான்மா. நல்லதுக்குன்னு..."

"அம்பது பொய்யின்னா முப்பத்தஞ்சு மட்டும் நெசமுங்களா? ஃபேக்டரில தூள் சலிக்கற மாதிரி எம்புள்ளயச் சலிச்சு, எந்தத் தரத்துல போட்டா ஆகும்னு நீங்களும் பாத்தீங்க, அவிங்களும் பாத்தாங்க. ரெண்டு பேருத்துக்கும் என்னங்கப்பா வித்தியாசம்?"

வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்ட சரவணன், "விடு கோகிலா. மாமா இன்னும் சாப்பிடல" என்றான். அவன் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மீதமிருந்த நாட்களில் என் தட்டில் சோறு விழுந்தது, பேச்சு விழவில்லை. ஆனால் மறுநாள் காலை கோகிலா மகளைத் தூக்கவில்லை. படியடியில் இறக்கிவிட்டு, "நட கண்ணு" என்றாள்.

யாழினியின் பின்னால் நானும் ஏறினேன். பாதியில் எனக்கு மூச்சு வாங்கியது. அவள் குழாயைப் பிடித்தபடி திரும்பிப் பார்த்தாள்.

"ஏனுங்க அப்பிச்சி, எனக்கு அம்பது பர்சென்ட்டாமா. உங்களுக்கு எத்தன?"

"தெரியலியே சாமி."

"முகாமுக்குப் போனீங்கன்னா சொல்லுவாங்க" என்று சிரித்துவிட்டு மேலே போனாள். தேயிலைச் சரிவில் இலை பறித்துக்கொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள். நான் நடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் பேசுகிறோம். அவர்களுக்கு மதியச் சாப்பாட்டு வேளை, எனக்கு மாலை. யாழினி போனை அரிசி டப்பாவில் சாய்த்துவைத்துவிட்டு, பள்ளிக் கதைகளைச் சொல்வாள். பின்னால் ஜன்னலில் மலை, மஞ்சுமூட்டம், ஈரத்துணி. அந்தப் படத்தின் மேல்மூலையில் தபால்தலை அளவில் ஒரு பெட்டி; அதற்குள் கம்பளிக் குல்லாயோடு ஒரு கிழவன், அவனுக்குப் பின்னால் ஆளில்லாத ஒரு சுத்தமான தெரு. கோகிலா குறுக்கே போவாள், வருவாள். புடவை மட்டும் தெரியும். போன வாரம் போன் சரிந்து கூரையைக் காட்டத் தொடங்கியது. யாழினி எங்கோ ஓடியிருந்தாள். ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் பார்த்தபடி காத்திருந்தேன். ஒரு கை வந்தது. ஈரக்கை, விரலில் கத்தி பட்ட தழும்போடு. போனை நிமிர்த்தி, நான் அடுப்படியைப் பார்க்கும்படி திருப்பி வைத்தது. முகம் வரவில்லை.