பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாதவன்

மத்தியானம் என் சிநேகிதனின் மகள் போனில் அழுதாள். "அங்கிள், அப்பாவக் காணோம். ஊசி போட்டுட்டு சாப்பாடு எடுக்க உள்ள போனேன், அதுக்குள்ள கேட்டத் தெறந்துட்டு போயிட்டாரு. சீக்கிரம் வாங்க."

இன்சுலின் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் போயிருக்கிறான். சர்க்கரை இறங்கி எங்கேயாவது மயங்கி விழுந்துவிடுவான் என்று உடனே கிளம்பினேன்.

அவன் வீடு லாயாங் லாயாங் என்ற சின்ன ஊரில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தை ஒட்டி. மறதி நோய் வந்ததிலிருந்து என்னையே யாரென்று கேட்பான். இத்தனைக்கும் வருஷக்கணக்காக மாவட்ட கிரிக்கெட் அணிக்கு நாங்கள்தான் தொடக்க ஜோடி. நான் பள்ளி வாத்தியார், அவன் ராணுவம். கம்யூனிஸ்ட் கெரில்லாக்களோடு சண்டை நடந்த காலத்தில் எல்லைக் காட்டில் கிடந்துவிட்டு, லீவில் வந்த மறுநாளே மைதானத்தில் நிற்பான்.

நான் போய்ச் சேர்ந்தபோது அக்கம்பக்கத்தார் தோட்டத்துக்குள் இறங்கி அவன் பெயரைக் கத்திக்கொண்டிருந்தார்கள். நானும் தொண்டை கிழியக் கத்தினேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி மரங்கள். மழை வேறு கறுத்துக்கொண்டு வந்தது. கடவுளைத் திட்டினேன், அவனையும் திட்டினேன்.

தூறல் விழுந்தபோதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. காட்டில் யாராவது பெயர் சொல்லிக் கத்தினால் எதிரியாக இருக்கும், பதில் கொடுக்கக் கூடாது, சத்தமில்லாமல் படுத்துவிட வேண்டும் என்பான். வீட்டிலும் அப்படித்தான். மனைவி கொல்லையிலிருந்து கூப்பிட்டால் வாய் திறக்கமாட்டான், எழுந்துபோய் எதிரில் நிற்பான். அந்த அம்மாள் கடைசிவரை இதற்காகச் சண்டை போட்டாள். நாங்கள் கத்தக் கத்த அவன் இன்னும் உள்ளே போய்ப் பதுங்கியிருக்கிறான். தேட வந்த நாங்களே அவனைத் துரத்தியிருக்கிறோம்.

எல்லாரையும் கத்தாமல் இருக்கச் சொன்னேன்.

"அலமாக்! ஐயையோ, கூப்பிடாம எப்படி சார் தேடுறது?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

அவன் வாய்விட்டுக் கத்திய ஒரே இடம் மைதானம். நான் அவசரக்குடுக்கை. பந்தைத் தட்டியதும் ஓடக் கிளம்பிவிடுவேன். ஓடாதே என்று எதிர்முனையிலிருந்து அவன் போடும் சத்தம்தான் என்னை எத்தனையோ தடவை காப்பாற்றியது.

"யெஸ்! ரன்!" என்று மைதானத்தில் ஓடக் கிளம்பும்போது கத்துவதுபோலவே கத்தினேன்.

மழைச் சத்தம் மட்டுமே கேட்டது. மறுபடி கத்தினேன்.

"நோ!"

இடப்பக்க வாய்க்காலிலிருந்து, ஈனஸ்வரத்தில். ஓடினேன். மூட்டுவலி எங்கே போனதோ. சேற்றில் குப்புறக் கிடந்தான். உதடு வெளுத்து, உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. என் பின்னாலேயே ஓடிவந்த மகள் அவன் தலையை மடியில் தூக்கிவைத்து, கொண்டுவந்த சர்க்கரைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள். பாதி வெளியே வழிந்தது.

என் முகத்தையே பார்த்தான். அடையாளம் தெரியவில்லை. சேற்றுக் கையால் என் நெஞ்சைப் பிடித்துத் தள்ளினான்.

"திரும்பிப் போடா," என்றான். "நான் அவுட்டானா பரவால்ல. நீ நில்லு."