மௌன ஜெபத்தில் ஏறிய பொத்தான்

சபையில் எல்லாருக்கும் அவர் சவுண்டு. சேர்ந்தாற்போல் பத்து வார்த்தை பேசாத மனிதருக்கு இப்படி ஒரு பட்டப்பெயர் வைத்தவர்கள் கிண்டலுக்குத்தான் வைத்திருக்க வேண்டும். வாரநாளில் தன் கடையில் உட்கார்ந்து, எரிந்துபோன மின்விசிறிகளுக்குக் காயில் கட்டுவார். ஞாயிற்றுக்கிழமையானால் சபையின் கடைசி வரிசைக்குப் பின்னால், பொத்தான்கள் வரிசையாக இருக்கும் மேஜைக்கு முன்னால் உட்காருவார். ஒரு மைக்குக்கு ஒரு பொத்தான். மேலே தள்ளினால் அந்த ஆளின் குரல் சபைக்குக் கேட்கும், கீழே இழுத்தால் கேட்காது.

சத்தம் கூட்டுவதுதான் அவர் வேலை என்று சனங்கள் நினைத்தார்கள். பாதி வேலை மறைப்பதுதான். போதகருக்கு இருமல் வரப்போகிறது என்பது தோள் அசைவிலேயே அவருக்குத் தெரிந்துவிடும், இருமல் வருவதற்குள் பொத்தான் இறங்கியிருக்கும். பாடகர் குழுவில் சுருதி தப்பிப் பாடும் தையல்காரம்மாவின் மைக்கை, அந்த அம்மாவுக்கே தெரியாமல், ஆறு வருஷமாகப் பாதிக்கு மேல் ஏற்றியதில்லை. ஒருமுறை போதகர் சட்டைக் காலரில் மைக்கோடு கழிவறைக்குள் நுழைந்துவிட்டார். தாழ்ப்பாள் சத்தம் சபைக்குக் கேட்பதற்குள் சவுண்டு இழுத்துவிட்டார். அன்றைக்கு மட்டும் அவர் கொஞ்சம் அசந்திருந்தால் போதகர் வேறு சபை பார்த்துக்கொண்டு போக வேண்டியதுதான்.

அப்படிப்பட்ட மனிதர்தான் ஒருத்தனைச் சபை நடுவில் நாறடித்தார். தெரிந்தே செய்தார். அவர் பக்கம் நியாயம் இல்லை என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன்.

அவர் மனைவி இந்த வீட்டுக்கு வரும்போது எட்டு வயது மகளையும் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். பெற்றவன், குழந்தைக்கு நாலு வயதானபோது வேலை தேடிப் போகிறேன் என்று கிளம்பியவன், இரண்டு கடிதத்தோடு குடும்பத்தைக் கைகழுவிவிட்டான். புது வீட்டில் முதல் ஒரு வருஷம் அந்தப் பெண் சவுண்டோடு நேரடியாகப் பேசவே இல்லை. எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடும்போதுகூட, "அம்மா, அவர்கிட்ட அந்தத் தண்ணி ஜக்க நகத்தச் சொல்லு" என்பாள். அம்மா சொல்லும் வரை காத்திருந்து அவர் நகர்த்துவார். அவளை முந்திக்கொண்டு நகர்த்திவிட்டால் அவள் கோபத்துக்கு மரியாதை இல்லாமல் போய்விடும் என்று நினைத்தார்.

ஒன்பது வயதில் மாடிப்படியில் விழுந்து இடது கையை முறித்துக்கொண்டாள். கட்டுப் போட்ட கையோடு ஷூ கயிறு கட்ட முடியாது. ஒவ்வொரு நாள் காலையும் அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு காலை மட்டும் நீட்டுவாள், அவர் குனிந்து கட்டிவிடுவார். பேச்சு மூச்சு கிடையாது. கட்டுப் பிரித்த அன்றைக்கு, இரண்டு கையும் சரியாக இருந்தும், காலை நீட்டினாள். "கொஞ்சம் இறுக்கமா கட்டுங்க சித்தப்பா" என்றாள். சவுண்டு கட்டி முடித்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார்.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் அந்த மேஜையில் இரண்டு நாற்காலி. எந்தப் பொத்தான் யாருடையது, எதை எப்போது இறக்க வேண்டும் என்று பதினைந்து வயதுக்குள் எல்லாம் கற்றுக்கொண்டு, பிறகு பாடகர் குழுவுக்குப் போனாள். இப்போது இருபத்துநாலு. இன்னும் இரண்டு வாரத்தில் அதே சபையில் கல்யாணம்.

இந்த நேரம் பார்த்துத்தான் பெற்ற அந்த ஆள் வந்து குதித்தான். மூன்று மாதத்துக்கு முன், ஜிப் வைத்த உறை போட்ட வேதப்புத்தகமும் கையுமாக, மனம் திருந்தினேன் என்று சபை வாசலில் நின்றான். சபை அவனைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. தொலைந்தவன் திரும்பி வந்தால் கொண்டாடலாம்தான். அவன் தொலைத்துவிட்டுப் போனதைப் பதினாறு வருஷம் பொத்திப் பொத்தி வளர்த்தவனிடம் ஒருத்தராவது வந்து ஒரு வார்த்தை பேசினார்களா?

பெண்ணின் கையைப் பிடித்து வாசலிலிருந்து பலிபீடம் வரை நடத்திக்கொண்டு போவது யார் என்று பேச்சு கிளம்பியது. ஆராதனைக்கு முன்னால் பாடகர் குழுவின் மைக்கைச் சோதித்துக்கொண்டிருந்த சவுண்டின் ஹெட்போனிலேயே அந்தப் பேச்சு வந்து விழுந்தது. "பெத்த அப்பா குத்துக்கல்லு மாதிரி உசுரோட இருக்கும்போது இவர் எப்படி?" என்றது தையல்காரம்மாவின் குரல். அன்றைக்கு அந்த அம்மாவின் பொத்தானை முழுக்க ஏற்றிவிடலாமா என்று அவருக்குக் கை துறுதுறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டார்.

வீட்டில் மனைவியிடம் கேட்டார். "அவ இன்னும் ஒண்ணும் சொல்லலீங்க. நீங்களே கேளுங்களேன்" என்றாள் அவள். அவர் கேட்கவில்லை. அந்த ஒரு நிமிஷ நடையைத் தவிர இந்த உலகத்தில் அவருக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. அதைப் போய்க் கேட்டு வாங்குவதா? உள்ளுக்குள் கறுவிக்கொண்டே இருந்தார். காயில் கட்டும்போது கம்பியை வழக்கத்தைவிட இறுக்கி இரண்டு தரம் அறுத்தார்.

அந்த ஞாயிறு, அந்த ஆள் தான் மனம் திருந்திய கதையை மேடையேறிச் சாட்சியாகச் சொல்வதாக ஏற்பாடு. ஆராதனைக்கு முன் அவன் காலரில் மைக்கை மாட்டிவிட்டதும் சவுண்டுதான். "எப்படி அணைக்கணும் அண்ணே?" என்று கேட்டான். "நீங்க ஒண்ணும் தொட வேண்டாம், நான் பாத்துக்கறேன்" என்றார். எல்லாரிடமும் சொல்வதைத்தான் சொன்னார், அப்போது மனதில் எந்தத் திட்டமும் இல்லை.

பாட்டு முடிந்து போதகர் மௌன ஜெபத்துக்கு அழைத்தார். முந்நூறு தலை குனிந்தது. எந்த மைக் வேலை செய்கிறது என்று அவர் தன் காதுக்கு மட்டும் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்ப்பது வழக்கம். அந்த ஆளின் மைக்குக்கு வந்ததும் கை நின்றது. அவன் பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு போன் பேசிக்கொண்டிருந்தான்.

"அக்கா, சீக்கிரம் சொல்லுக்கா, கூப்பிட்டுருவாங்க. அவ பொறந்தது எந்த மாசம்?"

சவுண்டின் விரல் அந்தப் பொத்தானின் மேல் போய் உட்கார்ந்தது. இழுத்து மறைத்தே பழகிய விரல். அன்றைக்கு அது மேலே போயிற்று.

"ஆகஸ்டா? நான் மார்ச்னு நெனச்சேன்" என்று சபை முழுக்க, சுவரிலிருந்த எட்டு ஒலிபெருக்கிப் பெட்டியிலிருந்தும், அவன் குரல் ஒலித்தது. "சரி, சின்ன வயசுல என்னமோ உடைஞ்சுதுன்னு சொன்னியே, கையா காலா? அழுகை வர்ற மாதிரி வேற ஏதாவது இருந்தாலும் சொல்லு. சனங்களுக்குப் பிடிக்கும்."

குனிந்த தலைகள் நிமிர்ந்தன. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சவுண்டு அவசரப்படவில்லை, கடைசி வார்த்தை வரை விட்டுவிட்டுத்தான் இறக்கினார். பதினாறு வருஷத்தில் அவ்வளவு நிம்மதியாக அவர் மூச்சு விட்டதில்லை.

அந்த ஆளுக்கு ஒன்றும் தெரியாது. சிரித்த முகமாக மேடைக்கு வந்து, "ஒவ்வொரு ஆகஸ்டு மாசமும் என் மகளுக்காக..." என்று ஆரம்பித்தான். இப்போது பாதி சபை சிரித்தது. அவன் விழித்தான். போதகரைப் பார்த்தான். பிறகு தன் காலரைக் குனிந்து பார்த்தான். மைக்கில் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவன் முகம் செத்துப்போனதைக் கடைசி வரிசைக்குப் பின்னாலிருந்தே சவுண்டு பார்த்தார், ஆசை தீரப் பார்த்தார்.

பாடகர் குழுவின் இரண்டாம் வரிசையிலிருந்து அவள் இறங்கி வந்தாள். அவன் முழங்கையைப் பிடித்துப் படியிறக்கி, முந்நூறு பேர் பார்க்க, நடுப்பாதை வழியாக வெளியே கூட்டிக்கொண்டு போனாள். மேஜையைத் தாண்டும்போது சவுண்டின் பக்கம் திரும்பவில்லை.

ஆராதனை முடிந்தது. மைக்கை அணைக்க மறந்துவிட்டான், பாவம் என்று எல்லாரும் பேசிக்கொண்டு கலைந்தார்கள். அவள் மட்டும் திரும்பி வந்து, வழக்கம்போல் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

"மைக் எரிஞ்சுட்டு இருந்தது சரி. பொத்தான ஏத்தினது யாரு?" என்றாள்.

அவர் இன்னொரு ஒயரை எடுத்துச் சுருட்ட ஆரம்பித்தார்.

"அவருக்கு என் பொறந்த நாள் தெரியாதுன்னு எனக்கு முன்னமே தெரியும் சித்தப்பா. போன மாசம் ஒரு பேச்சுக்குக் கேட்டேன், திருதிருன்னு முழிச்சார். நானே பேச்ச மாத்திட்டேன். அம்மாகிட்டகூடச் சொல்லல."

"தெரிஞ்சுமா அந்த ஆளுக்கு இவ்ளோ இடம் கொடுத்த?"

"சாட்சி மட்டும் சொல்லிட்டுப் போகட்டும்னுதான். உங்க கையப் பிடிச்சுத்தான் நடப்பேன்னு போதகர்கிட்ட போன வாரமே சொல்லிட்டேன். இன்னைக்குச் சாயங்காலம் வீட்ல சொல்லலாம்னு இருந்தேன்."

சவுண்டு ஒயரைக் கீழே வைத்தார். "இப்ப?" என்றார்.

"இப்ப எப்படி முடியும்? இனிமே அவர் கைய நான் பிடிக்கலேன்னா, அவர் இந்த வாசப்படி மிதிக்க முடியாது. சபையே சிரிச்சுடுச்சு." சுருட்டிய ஒயரை மேஜைமேல் வைத்தாள். "நீங்க அடுத்த ஞாயித்துக்கிழமையும் வருவீங்க. உங்களப் பாத்து யாரும் சிரிக்கப் போறதில்ல."

அவள் அழவில்லை. அழுதிருந்தாலாவது அவர் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பார்.

கல்யாணத்தன்று மேஜைக்கு வேறு ஆள் கிடையாது, அவர்தான் உட்கார வேண்டியிருந்தது. அந்த ஆளின் மேல் இருந்த வஞ்சம் ஒரு துளி குறையவில்லை. வாசலில் பெண்ணின் கைக்காகக் காத்து நின்றவன், எட்டிக் குனிந்து சவுண்டின் தோளைத் தொட்டான். "என் பொண்ண நல்லா பாத்துக்கிட்டீங்க அண்ணே, ரொம்ப நன்றி" என்றான். கண் கலங்கியிருந்தது, பொய்யாகவும் தெரியவில்லை.

சவுண்டு தலையாட்டிவிட்டு ஆர்கனின் பொத்தானை ஏற்றினார். சபை எழுந்து நின்று வாசல் பக்கம் திரும்பியது. வரும் மணப்பெண்ணின் முகத்தை எல்லாரும் பார்த்தார்கள். அவர் இருந்த இடத்திலிருந்து அவள் முதுகுதான் தெரிந்தது.