ரோசியோட நொண்டிக் கோழி

ரோசி, தங்கச்சி, உன் கோழியைப் பத்தித்தான் சொல்றேன்.

நீ காய்ச்சல்ல எங்களை விட்டுப் போன மறுவாரமே ஜட்கா வண்டிச் சக்கரம் ஏறி அதோட கால் ஒடிஞ்சிடுச்சு. மஞ்சப் பத்துப் போட்டு, மூங்கில் சிம்பு வச்சுக் கட்டி, ராகிக் கூழை ஊட்டினேன். ஊட்டினா கொஞ்சம் முழுங்கும், தானா கொத்தவே இல்ல. வேலையில கை ஓடாம பாதியில ஓடி வந்து ஓடி வந்து பார்த்தேன்.

உன் முப்பதாம் நாள் பூசைக்கு வர்றவங்களுக்குக் குழம்பு வைக்க வீட்டுல ஒண்ணுமில்ல. அத்தை கத்தியை எடுத்துட்டாங்க. "நொண்டிக் கோழிக்கு ஆஸ்பத்திரி நடத்துறியா? கொடுடா இப்படி!"

நான் கோழியை அணைச்சுக்கிட்டு வாசலுக்கும் கொல்லைக்கும் அலைஞ்சேன்.

அப்ப பக்கத்து வீட்டுப் புட்டம்மா வந்தாங்க. உன் கோழி அவங்க கனகாம்பரப் பாத்தியைக் கிளறுதுன்னு தினம் உன்கிட்ட சண்டை போடுவாங்களே, அவங்கதான். கையில அவங்க சேவல்.

"இதை அறுத்துக்கோங்கக்கா. அது அந்தப் பொண்ணு கையில தின்ன கோழி. பேடா, வேண்டாம், அதைக் கொல்லாதீங்க."

அத்தை கத்தியைக் கீழ வச்சிட்டு அழுதாங்க. நீ போனப்பகூட அவங்க அழல.

மறுநாள் கோழி தானாவே கூழைக் கொத்திச்சு. எனக்குத்தான் இன்னும் ஒரு இடத்துல உக்கார முடியல. சண்டை போட்டவங்களுக்கே உன்மேல இவ்வளவு பாசம் இருந்திருக்கே!

இதைப் படிக்கிற எல்லாரும் என் ரோசிக்காக ஒருதரம் வேண்டிக்கோங்க.