பிலோமினா டாக்டரின் பிஸ்கட் டின்

ஞாயிறு காலை மிஸ்ஸி சரஸ் அழைத்தார். ஈப்போவை அடுத்த லகாட்டில் டாக்டர் பிலோமினாவின் கிளினிக்கில் கடைசிவரை அவரோடு இருந்த தாதி. "டாக்டர், அம்மா தூக்கத்துலேயே போய்ட்டாங்க" என்றார். அழுகைக்கு நடுவே, "நேத்து கிளினிக் பூட்டும்போதுகூடக் கேட்டாங்க லா, உங்க பதில் வந்துச்சான்னு" என்றும் சொன்னார். நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன்.

டாக்டரிடம் மருந்து வாங்கிய உங்களுக்கு அந்த பிஸ்கட் டின் தெரியும். ஈப்போவில் எங்களைப் போன்ற நிபுணர்களிடம் அனுப்பிய ஒவ்வொருவரின் அட்டையும் அதற்குள் போகும். எங்கள் பதில் கடிதம் கிடைத்தால்தான் 'பதில் வந்தது' என்று நீல முத்திரை குத்தி அட்டையை வெளியே எடுப்பார். இல்லையென்றால் சனிக்கிழமை தொலைபேசியில் பிடிப்பார். இதய மருத்துவர்களில் அதிகம் பிடிபட்டவன் நான்தான்.

முதல் முறை நேரிலேயே வந்தார். முனியாண்டி அண்ணன் என்று ஒருவர், மூடிப்போன ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர், இப்போது பள்ளிக்கூடக் காவலாளி. அவருக்கு ஒரு மாத்திரை எழுதிய நான், அதை டாக்டருக்குத் தெரிவிக்கவில்லை. டாக்டர் அதே மருந்தை வேறு பெயரில் ஏற்கெனவே கொடுத்துவந்தார். மனிதர் இரண்டையும் ஒழுங்காக விழுங்கிச் சந்தையில் மயங்கி விழுந்தார். அவரை அழைத்துவந்த டாக்டர், எல்லோரையும் போல நம்பர் எடுத்து வரிசையில் காத்திருந்தார். உள்ளே வந்ததும் இரண்டு பொட்டலங்களை என் மேசைமேல் வைத்தார்.

"வெள்ளை நான் குடுத்தது, மஞ்சள் நீங்க குடுத்தது. ரெண்டும் ஒரே மருந்து. நமக்கு நடுவுல இந்த மனுஷன்தான் தபால்காரரா?"

எனக்கு முகமே செத்துப்போனது. அடுத்த நிமிடம், "சரி லா, சாப்பிட்டீங்களா? கேன்டீனுக்குப் போலாம், வாங்க" என்றார். மீ கோரெங் தட்டு மேசைக்கு வரும்வரைகூட அந்த அம்மாவால் ஒரு கோபத்தைக் காப்பாற்ற முடியாது.

அவருடைய கடிதங்கள் ஆங்கிலத்தில் இருக்கும். கடைசி வரி மட்டும் தமிழில், கொண்டுவருகிறவரும் படிக்கட்டும் என்று. மூன்று வாரம் முன்பு முனியாண்டி அண்ணன் கொண்டுவந்த கடிதத்தில் இப்படி இருந்தது: 'படியேறும்போது பாதியில் நின்று செருப்பைச் சரிசெய்கிறார். செருப்பில் கோளாறு இல்லை. பரவாலே என்பார், நம்பாதீர்கள்.' அண்ணன் அதைப் படித்துவிட்டு வெட்கத்தோடு சிரித்தார். சோதித்துப் பார்த்தேன். இதயக் குழாயில் பெரிய அடைப்பு. அந்த வாரமே சரிசெய்தோம். செருப்பைக் கவனித்தவர் அவர், பெயர் வாங்கியவன் நான். பதில் எழுதத்தான் கை வரவில்லை. சனிக்கிழமை அவர் பிடித்தபோதும் நாளை, நாளை என்று தள்ளினேன். வெட்கமாக இருக்கிறது.

ஞாயிறன்றே எழுதி லகாட்டுக்கு எடுத்துப்போனேன். துக்க வீட்டு வாசலில் முனியாண்டி அண்ணன் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தார். "அண்ணே, இப்ப மூச்சு எப்படி இருக்கு?"

"பரவாலே டாக்டர்."

சரஸ் வெடித்துச் சிரித்தார். சுற்றியிருந்தவர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்கள். அங்கேயே என் கடிதத்தை வாங்கி, கிளினிக்கிலிருந்து கொண்டுவந்திருந்த டின்னைத் திறந்து, அண்ணனின் அட்டையில் முத்திரையைக் குத்தினார் சரஸ். டின்னில் மிச்சமிருந்தது அந்த ஓர் அட்டைதான்.

டின்னை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். இப்போது அது என் மேசையில் இருக்கிறது. நான் பதில் எழுதாத கடிதங்கள் அதற்குள் போகின்றன. இன்று நான்கு வந்தன. நான்குக்கும் எழுதிவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புகிறேன். டின் காலி, டாக்டர்.