கழற்றிக் கொடுத்த விசிறி

மாத்தளையில் எங்கள் வீட்டு முற்றத்தில் விரித்த பழைய பத்திரிகைத் தாளின் மேல் அந்த விசிறி கிடந்தது. கறுப்பு பிளாஸ்டிக் இதழ்கள், அவற்றில் ஒன்றின் நுனியில் எப்போதோ உடைந்து உருக்கி ஒட்டிய தழும்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. விவசாயப் போதனாசிரியர் தன் காரின் பொனட்டைத் திறந்து, ரேடியேட்டருக்குப் பின்னாலிருந்து அதைக் கழற்றி எடுத்திருந்தார். பக்கத்தில் பொனட் திறந்தபடி என் கார் நின்றது. இரண்டும் ஒரே ரகம், ஏறத்தாழ ஒரே வயது. அவருடைய மனைவி படியில் அமர்ந்து, கழன்று வந்த ஆணிகள் தொலையாமல் இரு கைகளிலும் ஏந்திக்கொண்டிருந்தார். "இவரு நம்ம காரைக் கொஞ்சங் கொஞ்சமா கழட்டி ஊருக்கே குடுத்துருவாரு, டீச்சர்" என்று சொல்லிச் சிரித்தார்.

அந்தப் பழைய சின்னக் காரை வைத்திருந்தவர்கள் எங்கள் மாவட்டத்தில் இருபது பேரளவில் இருந்தோம். வெளிநாட்டிலிருந்து உதிரிப்பாகங்கள் வருவது நின்றுபோன காலத்தில், யாரோ தொலைபேசியில் ஒரு குழுவைத் தொடங்கி எங்களையெல்லாம் சேர்த்தார்கள். ஆசிரியர்கள், கடைக்காரர்கள், தோட்டத்துக் கோயில் ஃபாதர் ஒருவர். வேறெதிலும் பேசிக்கொள்ள வாய்ப்பில்லாதவர்கள் ஒழுகும் குழாய்களைப் பற்றி மணிக்கணக்காகப் பேசினோம். ஹோஸ் வெடித்தால் சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டுவது, பெட்ரோல் தாங்கியில் ஊசித்துளை விழுந்தால் சவர்க்காரத்தைத் தேய்த்து அடைப்பது, வைப்பர் வேலை செய்யாத மழைநாளில் கண்ணாடியில் புகையிலையைத் தேய்ப்பது என்று எதையெதையோ கற்றுக்கொண்டோம். கேள்விகளுக்குப் பெரும்பாலும் பதில் சொன்னவர் போதனாசிரியர்தான். எல்கடுவத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, படித்து, அரசாங்க வேலைக்கு வந்து, ரிவர்ஸ்டன் மலைக்கு அப்பால் பல்லேகமவில் குடியிருந்து வயல்காரர்களுக்கு நெல் நோய்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தவர். கராஜில் ஒருநாளும் வேலை செய்ததில்லை. ஆனால் எதையும் பூசி மெழுகமாட்டார். "இது புடிக்கும்", "இது ரெண்டு நாளைக்குத்தான்", "இதத் தொடாதீங்க" என்று மூன்றிலொன்றாக இருக்கும் அவர் பதில்.

அப்பாவுக்கு அப்போது இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்திருந்தன. இரத்தம் சுத்திகரிப்பதற்காக வாரத்தில் மூன்று நாட்கள் அவரைக் கண்டிக்குக் கூட்டிப்போனேன். சிகிச்சை முடிந்து வரும்போது அவரால் நிற்கவே முடியாது. பஸ்ஸில் ஏற்றுவது நடக்காத காரியம். அப்படியொரு நாள் அக்குறணை நெரிசலில் ஊர்ந்துகொண்டிருந்தபோது வெப்பமானியின் முள் சிவப்பைத் தொட்டது. பொனட்டிலிருந்து ஆவி கிளம்பியது. பின் இருக்கையில் அப்பா கண்களை மூடிக்கொண்டு, "என்னை யோசியாதை பிள்ளை, காரைப் பார்" என்றார். குழுவில் எழுதினேன். ஒரு கூட்டத்துக்காக மாத்தளைக்கு வந்திருந்த போதனாசிரியர் அரை மணித்தியாலத்தில் என் பக்கத்தில் நின்றார். விசிறியின் மோட்டார் எரிந்துபோயிருந்தது. அதற்குப் பதில் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. ஒரு வாரம் ஃபாதர் தன் காரில் அப்பாவைக் கூட்டிப்போனார். அடுத்த ஞாயிறு, கேளாமலேயே, போதனாசிரியர் மனைவியோடும் ஸ்பானர்கள் நிறைந்த ஆயுதப் பெட்டியோடும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

தன் காருக்கு, உடைத்த வேனொன்றில் ஏசிக்கு இருந்த சிறிய விசிறி ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். கம்பியால் கட்டி, டாஷ்போர்ட்டில் ஒரு சுவிட்ச் வைத்து அதை இணைத்தார். நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். அந்த விசிறி தள்ளும் காற்று போதாது என்று பார்த்தவுடனேயே தெரிந்தது. ரிவர்ஸ்டன் ஏற்றத்தில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். இலுக்கும்புரவைத் தாண்டியதும் ஒரு நீரோடை இருக்கிறது, அங்கே பத்து நிமிஷம் நிறுத்தி ஆறவைத்தால் மிச்சத்துக்கும் ஏறிவிடும் என்றார். "நமக்கு என்ன டீச்சர் அவசரம்? மாசத்துக்கு ரெண்டு தடவ மலையேறுறோம். ஒங்களுக்கு வாரத்துக்கு மூணு நாளு." நான் மறுக்கவில்லை. ஒரு பேச்சுக்காகக் கூட வேண்டாம் என்று சொல்லவில்லை. என் கண்முன்னே அப்பா இருந்தார், அவ்வளவுதான்.

நாலு மாதம் எல்லாம் சரியாகவே நடந்தது. அவர்கள் ஓடையருகே நிறுத்தி, ஃபிளாஸ்கில் கொண்டுவந்த தேநீரைக் குடித்துவிட்டு மலையேறினார்கள். அங்கிருந்து ஒருமுறை படம்கூட அனுப்பியிருந்தார்கள். மூடுபனிக்கு நடுவில் இருவரும் பொனட்டில் சாய்ந்து நின்றார்கள்.

பிறகு நடந்ததை, அன்று அவர்களோடு காரில் இருந்த போதனாசிரியர் மனைவியின் தங்கை எனக்குச் சொன்னார். ஒரு பின்னேரம் அக்காவுக்கு நெஞ்சுவலி வந்தது. உள்ளூர் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு மாத்தளைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். அங்கிருந்த ஆம்புலன்ஸ் ஏற்கெனவே வேறொரு நோயாளியோடு மலைக்கு அந்தப் பக்கம் போயிருந்தது. காத்திருக்காமல் போதனாசிரியர் தன் காரிலேயே புறப்பட்டார். ஓடையருகே வந்தபோது வேகத்தைக் குறைத்திருக்கிறார். மனைவியின் முகத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு, நிறுத்தாமல் போய்விட்டார். மேலே, வீடுகளே இல்லாத வளைவொன்றில் ஹோஸ் வெடித்தது. டியூபைச் சுற்றிக் கட்டினார், குடிக்கக் கொண்டுவந்த தண்ணீரையெல்லாம் ஊற்றினார். என்ஜின் இயங்கவில்லை. தொலைபேசிக்குச் சிக்னலும் இல்லை. காற்று கார்க் கதவைத் திறக்கவிடாமல் அடித்துக்கொண்டிருந்தது. மனைவிதான் அவரைத் தேற்றினாராம். "பதறாதீங்க. காரு ஆறட்டும். நான் இருக்கேன்ல."

இயற்கைக் காட்சி பார்க்க வந்தவர்களின் வேன் ஒன்று முக்கால் மணித்தியாலத்துக்குப் பிறகு அந்த வழியால் வந்தது. அதில் ஏற்றிக்கொண்டு மலையடியில் ரத்தோட்டையை எட்டுமுன்னே மனைவியின் உயிர் போய்விட்டது.

செத்த வீடு எல்கடுவவில் நடந்தது. போனேன். முற்றம் நிறைய ஆட்கள் இருந்தார்கள். போதனாசிரியர் என்னைக் கண்டு எழுந்து வந்து, தேநீர் குடித்தேனா என்று கேட்டார். என் காரில்தான் அங்கே போயிருந்தேன். தேயிலை மலைகளின் நடுவே அவ்வளவு ஏற்றத்தையும் அது முள் அசையாமல் ஏறியிருந்தது.

முப்பத்தோராம் நாள் கழிந்தபின் மறுபடி போனேன். வேலைக்குத் திரும்பாமல் எல்கடுவவில் தன் அண்ணன் வீட்டிலேயே இருந்தார். நான் கேட்டிருக்கக் கூடாது. ஆனால் கேட்காமல் என்னால் இருக்க முடியவில்லை. எல்லோரும் விதி என்றார்கள், நேரம் வந்துவிட்டது என்றார்கள், ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாலும் பிழைத்திருப்பாரா என்று டாக்டரே சொல்லமுடியாது என்றார்கள். அவற்றில் ஒன்றை அவரும் சொல்லிவிட மாட்டாரா என்ற ஆசையில்தான் நான் போயிருக்க வேண்டும். பழைய விசிறி இருந்திருந்தால் கார் ஏறியிருக்குமா என்று கேட்டேன்.

குழுவில் யாரோ கேட்ட சந்தேகத்தை யோசிப்பதுபோலவே யோசித்தார். ஏற்றத்தின் நீளம், அன்றைய காற்று, என்ஜினின் வயது என்று எல்லாவற்றையும் அவர் மனதுக்குள் வைத்துப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது.

"ஏறியிருக்கும், டீச்சர்" என்றார்.

பிறகு, நான் அழுவதைப் பார்த்து, "நீங்க கேக்கல. நானாத்தான் கழட்டிக் குடுத்தேன். அப்பாவ நல்லாப் பாத்துக்கங்க" என்றார்.

விசிறியைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றேன். மாட்டுவதற்குத் தன்னிடம் கார் இல்லை, ரிவர்ஸ்டனிலிருந்து இழுத்துவந்ததை அப்படியே விற்றுவிட்டதாகச் சொன்னார். அதே மாதம் குழுவிலிருந்து வெளியேறினார். வேறு மாவட்டத்துக்கு மாற்றம் வாங்கிக்கொண்டு போனதாகக் கேள்விப்பட்டேன். பழைய இலக்கமும் வேலை செய்யவில்லை.

அந்தச் செத்த வீட்டுக்கு மூன்று மாதங்களுக்குப் பிறகு அப்பா இறந்தார். முற்றத்தில் விசிறி மாறிய அந்த ஞாயிற்றிலிருந்து எண்ணினால் ஏழு மாதம். கடைசி வாரங்களில் அவர் யாரையும் அடையாளம் காணவில்லை, சாப்பிடவில்லை, ஊசி குத்தும்போது குழந்தைபோல் கத்தினார். அந்த ஏழு மாதத்தை நான் எத்தனையோ தடவை ஒரு பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன். மறுபக்கத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பார்க்கத் துணிவு வருவதில்லை.

போன மாதம் மாத்தளை பஸ் நிலையத்தில் போதனாசிரியரைக் கண்டேன். மெலிந்திருந்தார். கையில் ஒரு பை, தலை முழுக்க நரை. எல்கடுவ பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தார். இப்போது கடைகளில் எல்லாச் சாமானும் வருகிறது, குழுவில் யாரும் அதிகம் பேசுவதில்லை என்றேன். தலையசைத்தார். பஸ் வந்து நின்றது. ஏறப் போனவர் படியில் காலை வைத்தபடி திரும்பி, அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டார்.

அவர் என்னிடம் ஒருநாளும் பொய் சொன்னதில்லை.

"இருக்கிறார், சேர்" என்றேன். "இப்ப பரவாயில்லை."

அவர் முகத்தில் ஏதோவொன்று இளகியது. "அப்பிடின்னா சரி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய், யன்னலோரமாக அமர்ந்தார். பஸ் புறப்படும்வரை என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.