கட்டுத்துணி அலசியவர்

எனக்குப் பொறுமை கிடையாது. முப்பது வருடம் வரலாற்று டீச்சராக இருந்தும் வரவில்லை, இனி எங்கே வரப்போகிறது! அந்தக் குறையைச் சிரித்தே சமாளித்து வந்தேன், அந்த அம்மாவைப் பார்க்கும்வரை.

ஓய்வு பெற்றதும், போர்க்காலத்தில் வேலைக்குப் போன கிராமத்துப் பெண்களைப் பற்றிப் புத்தகம் எழுதக் கிளம்பினேன். அப்படித்தான் அவர் வீட்டுக்குப் போனேன். பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. எழுபதைத் தாண்டியவர். மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டு, தான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

பத்தொன்பது வயதில் ராணுவ ஆஸ்பத்திரியில் சேர்ந்தாராம். ஒரு பள்ளிக்கூடத்தைத்தான் ஆஸ்பத்திரியாக மாற்றியிருந்தார்கள். மூன்று வருடமும் ஒரே வேலை. காயத்திலிருந்து அவிழ்த்த கட்டுத்துணியை அலசி, கொதிக்கவைத்து, உலர்த்தி, மறுபடி சுருட்டிக் கொடுக்க வேண்டும். புதுத்துணி வருவதே நின்றுபோயிருந்தது.

“மொதல்ல பச்சத்தண்ணியில ஊறப்போடணும், டீச்சர். எடுத்த எடுப்புல சுடுதண்ணி ஊத்தினா ரத்தம் அப்படியே பிடிச்சுக்கும்” என்றார். சலவைச் சோடாவில் விரல்தோல் உரிந்ததைச் சொன்னார். எப்படி இறுக்கிச் சுருட்டுவது என்று ஒரு துண்டை எடுத்துச் செய்தே காட்டினார்.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

“அது சரிம்மா. குண்டு விழுந்துச்சா? யாரையாவது காப்பாத்தினீங்களா?”

அவர் பாவம், யோசித்துப் பார்த்தார். “நான் வார்டு பக்கமே போனதில்லையே. பின்கட்டுலதான் இருந்தேன்.”

அவருடைய மருமகள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். “போருக்குப் போனேன், போருக்குப் போனேன்னு தினமும் எங்க உசுர வாங்குவாங்க. கடைசில பார்த்தா துணி தொவச்சிருக்காங்க!”

“டீச்சர் புத்தகத்துல வரட்டும்டி, அப்ப பேசு” என்றார் அவர். முகமெல்லாம் சிரிப்பு.

“கண்டிப்பா வரும்மா” என்று நானும் வாய் கூசாமல் சொன்னேன்.

வரவில்லை. பக்கம் அதிகம் என்று பதிப்பாளர் சொன்னதும், கண்ணை மூடிக்கொண்டு நான் எடுத்தெறிந்தது அவரைத்தான். ஆம்புலன்ஸ் ஓட்டியவர் இருந்தார், தந்தி அடித்தவர் இருந்தார். துணி அலசியதை யார் படிப்பார்கள் என்று நினைத்துவிட்டேன்.

வெளியீட்டு விழாவுக்கு அவர் வந்திருந்தார். மருமகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டச் சொன்னார். கடைசிப் பக்கமும் முடிந்தது. “இன்னொரு தடவ பாரு” என்றார். நான் தூண் மறைவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கங்கெட்டவள், பக்கத்தில்கூடப் போகவில்லை.

நான்கு மாதம் மனசு அரித்தது. இரண்டாம் பதிப்பு வரப்போகிறது என்றதும் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கதவைத் திறந்த மருமகள், “உங்க புத்தகத்த மூணு தடவ படிக்கச் சொல்லிக் கேட்டாங்க, டீச்சர்” என்றாள். இந்த முறை அவள் கேலி செய்யவில்லை.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் கேட்பதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார்.

“ஒரே குண்டுச் சத்தம். டிரைவர் செத்துட்டான். நானே ஆம்புலன்ஸ ஓட்டிட்டுப் போனேன். ஏழு பேரக் காப்பாத்தினேன்.”

என் புத்தகத்தில் வேறொருத்தி சொன்னது அது. வரி பிசகாமல் மனப்பாடம் செய்திருந்தார். பொய்யே சொல்லத் தெரியாமல் இருந்தவரைப் பொய் சொல்ல வைத்த பாவி நான்தான்.

“அம்மா, தப்பு என் மேலதான். எனக்கு நீங்க கட்டுத்துணி அலசினதுதான் வேணும். அதச் சொல்லுங்க.”

“ஐயோ, அது எதுக்கு டீச்சர், ரத்தமும் சீழுமா!” என்றார். பிறகு என் முகத்தையே பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

“ஏழு பேர் பத்தாதுன்னா பத்துன்னு வச்சுக்கலாம். அப்ப போடுவீங்கள்ல?”